வீட்டில் தூண்டில் ஈயக்குண்டு வார்ப்பது எப்படி? முதல்முறை செய்பவர்களுக்கு

பாறைக் கரையிலோ, கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவிலோ நின்று ராடு போடுகிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஒரு சாயங்காலத்துக்குள் நாலைந்து ஈயக்குண்டு கல்லிடுக்கில் மாட்டி, தூண்டில் நரம்பு அறுந்து, கடலோடு போய்விடும். ஒவ்வொரு முறையும் கடையில் வாங்கிக் கட்டுப்படியாகாது என்று தோன்றும்போது, நாமே உருக்கி ஊற்றிக்கொண்டால் என்ன என்ற யோசனை வரும். தாராளமாகச் செய்யலாம். ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், ஒரு சாதாரண கேஸ் அடுப்பே போதும், பட்டறை வைக்கத் தேவையில்லை.

உருக்கி ஊற்றுவதை அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். தண்ணீரையும் தூசியையும் அண்டவிடாமல் வேலை செய்யப் பழகத்தான் நாளாகும். உருகிய ஈயத்துக்குள் ஈரம் போனால் வெடிக்கும். ஈயத் தூசி வயிற்றுக்குள் போனால் சத்தமில்லாமல் உடம்பில் தங்கும். கீழே நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் இந்த இரண்டைப் பற்றித்தான் இருக்கும். "அதெல்லாம் தெரியும், அச்சு எப்படிச் செய்வது என்று மட்டும் சொல்லுங்கள்" என்பவர்கள் தயவுசெய்து குண்டைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

யார் செய்யவே கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அபார்ட்மென்டில் இருப்பவர்கள், பால்கனியில் ஒரு ஓரமாகச் செய்துகொள்ளலாம் என்று நினைப்பவர்கள், வீட்டில் தவழும் குழந்தையோ கர்ப்பிணியோ இருப்பவர்கள். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், தாயின் ரத்தத்திலிருந்து கருவுக்கும் போகும். திறந்த இடம் வேண்டும், மேலே கூரை இருந்தாலும் நாலு பக்கமும் காற்று ஓட வேண்டும், சமையல் செய்கிற இடமோ துணி காயப்போடுகிற இடமோ பக்கத்தில் இருக்கக்கூடாது. வீட்டுக்குப் பின்னால் தள்ளி ஒரு ஷெட் இருந்தால் நல்லது. மொட்டை மாடி சரிப்படுமா என்றால், அங்கே தண்ணீர்த் தொட்டியும் வடகமும் இருக்கும், குழந்தைகள் பட்டம் விடுவார்கள், அதனால் எனக்கு அதில் இஷ்டமில்லை.

இன்னொன்று. இணையத்தில் ஈய வார்ப்பு என்று தேடினால் வரும் வீடியோக்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் துப்பாக்கிக் குண்டு வார்ப்பவர்களுடையவை. அங்கே அது பலருக்குப் பொழுதுபோக்கு, அடுப்பு, அச்சு, வெப்பநிலை பற்றி அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது, பார்த்துக் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். நாம் மீன் பிடிக்கிற குண்டோடு நிறுத்திக்கொள்வோம்.

எந்த ஈயம்?

கடலோர ஊராக இருந்தால் வலை, தங்கூசி (தூண்டில் நரம்பு) விற்கிற கடைகளிலேயே ஈயம் கிடைக்கும், விசாரித்துப் பாருங்கள். மற்றபடி காயலான் கடை. கேட்கும்போது காரீயம் என்று கேளுங்கள், வெறும் ஈயம் என்றால் சிலர் வெள்ளீயத்தை நினைத்துக்கொள்வார்கள். பாட்டி ரசம் வைத்த ஈயச் சொம்பு பரணில் கிடந்தால் அதில் கை வைக்காதீர்கள், அது வெள்ளீயம், காரீயத்தைவிடப் பல மடங்கு விலை, குண்டு செய்ய அது இலேசும்கூட.

டயர் கடைகளில் வீல் பேலன்ஸ் செய்யும்போது கழற்றிப் போடும் பழைய வெயிட்டுகள் நல்ல சரக்கு. அதில் ஆன்டிமனி என்ற தனிமம் கொஞ்சம் கலந்திருப்பதால் சுத்த ஈயத்தைவிடக் கெட்டியாக இருக்கும், பாறையில் மோதினாலும் சீக்கிரம் நசுங்காது. ஆனால் இப்போது வருவதில் பாதிக்கு மேல் இரும்பும் துத்தநாகமுமாக இருக்கலாம். இசட்-என் என்று பொறித்திருந்தால் துத்தநாகம், எஃப்-ஈ என்றால் இரும்பு. எழுத்து இல்லையென்றால் கட்டிங் பிளேயரால் ஓரத்தை நறுக்கிப் பாருங்கள், ஈயம் வெண்ணெய் மாதிரி வெட்டும், மற்ற இரண்டும் பிடிகொடுக்காது. தரையில் போட்டாலும் தெரியும், ஈயம் 'தொப்'பென்று விழும், துத்தநாகம் கணீரென்று சத்தம் போடும். துத்தநாகம் ஏன் வேண்டாமென்றால், அது கொஞ்சம் உருகிக் கலந்தாலே மொத்த ஈயமும் ஓட்ஸ் கஞ்சி பதத்துக்குத் திரிந்துபோய் அச்சில் சரியாக ஓடாது. நல்லவேளையாக அது 419 டிகிரியில்தான் உருகும், அதனால் அடுப்பை அதற்குக் கீழே வைத்திருந்தால் தப்பித்தவறி விழுந்த துண்டும் உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் எடுத்துப் போட்டுவிடலாம்.

கார் பேட்டரி, இன்வர்ட்டர் பேட்டரி மட்டும் கூடவே கூடாது. மலிவாகக் கிடைக்கும், உள்ளே கிலோ கணக்கில் ஈயம் இருக்கிறது, ஆசை வரும். அந்தத் தகடுகளில் அமிலம் ஊறியிருக்கும், ஈயத்தோடு கால்சியம், ஆன்டிமனி, ஆர்சனிக் எல்லாம் கலந்திருக்கும். அதை உருக்கிய கசடில் ஈரம் பட்டால் ஆர்சின், ஸ்டிபின் என்ற விஷ வாயுக்கள் கிளம்பலாம். மூச்சில் கொஞ்சம் போனாலும் ஆளை வீழ்த்தும் வாயுக்கள் அவை. தவிர, பழைய பேட்டரியை அதைச் சேகரிப்பவரிடமோ, புதுப்பிப்பவரிடமோ, மறுசுழற்சி செய்பவரிடமோதான் சேர்க்க வேண்டும் என்று 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் சொல்கின்றன. விற்றுவிட்டு அந்தக் காசில் ஈயம் வாங்குங்கள்.

பாத்திரமும் அடுப்பும்

ஒரு லிட்டர் தண்ணீர் பிடிக்கிற பாத்திரத்தில் ஈயத்தை நிரப்பினால் ஏறக்குறைய 11 கிலோ இருக்கும். சமையல் பாத்திரத்தின் கைப்பிடி அந்த எடைக்குச் செய்யப்பட்டதில்லை. அதனால் முதல்முறைக்கு 2 கிலோவுக்கு மேல் போடாதீர்கள், அது ஒரு டம்ளர் அளவுகூட வராது, பார்க்க ஏமாற்றமாக இருக்கும், ஆனால் 100 கிராம் குண்டு இருபது கிடைக்கும். தடித்த இரும்புச் சட்டி அல்லது வார்ப்பிரும்பு வாணலி, அடி தட்டையாக இருக்க வேண்டும், கைப்பிடி ஆணி அடித்ததாக இல்லாமல் வெல்டிங் வைத்ததாக இருந்தால் உத்தமம். அலுமினியப் பாத்திரம் வேண்டாம். அலுமினியம் 660 டிகிரியில்தான் உருகும் என்று சிலர் வாதம் செய்வார்கள், ஆனால் அடுப்பின் சுடர் நேரடியாகப் படும் இடத்தில் மெல்லிய அலுமினியம் பலமிழந்து தொய்ந்துவிடும், உள்ளே இருப்பது தண்ணீர் இல்லை.

ஊற்றுவதற்கு ஒரு எவர்சில்வர் குழிக் கரண்டி, மரக் கைப்பிடி சேர்த்தது. கசடு அள்ள ஒரு ஜல்லிக் கரண்டி. மீந்த ஈயத்தைப் பாளமாக ஊற்றி வைக்க வார்ப்பிரும்புக் குழிப்பணியாரச் சட்டியைப்போலத் தோதான சாமான் வேறில்லை, ஒரு குழியில் விழுவது கைக்கு அடக்கமான பாளம். இவை எதுவும் மறுபடி சமையலறைக்குள் போகக்கூடாது. கழுவி வைத்தாலும் கூடாது. பெயின்டில் பெரிதாக 'விஷம்' என்று எழுதி, ஷெட்டிலேயே ஒரு டிரம்மில் போட்டுப் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து யாராவது நல்ல சட்டி சும்மா கிடக்கிறதே என்று எடுத்துத் தேய்த்துப் பணியாரம் சுட்டுவிடுவார்கள்.

அடுப்பு ஆடாமல் நிற்க வேண்டும். இரும்பு ஸ்டாண்டு வைத்த ஒற்றைப் பர்னர் கேஸ் அடுப்பு சரியாக இருக்கும், சிறிய அளவுக்கு 1500 வாட் மின்சார ஹாட் பிளேட்டும் போதும். விறகடுப்பில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது, கட்டை சரிந்தால் சட்டியும் சரியும். அடுப்புக்குக் கீழே ஒரு அகலமான இரும்புத் தட்டு போடுங்கள். சிமென்ட் தரையில் நேராக ஈயம் சிந்தினால், தரைக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, சிமென்ட் சில்லு சில்லாகத் தெறிக்கும்.

350-லிருந்து 400 டிகிரி வரை நமக்குப் போதும். அளக்க, மல்டிமீட்டரோடு வரும் கே வகைத் தெர்மோகப்பிள் கம்பியே வேலை செய்யும், கம்பியின் மேலுறை எவ்வளவு சூடு தாங்கும் என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். காய்ச்சலுக்கு நெற்றியில் காட்டும் துப்பாக்கி மாதிரியான இன்ஃப்ராரெட் மீட்டர் பளபளக்கும் உலோகத்தில் தப்பாகக் காட்டும், அதை நம்பாதீர்கள்.

அச்சு

இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், அதிலும் வீடியோ பார்த்துவிட்டு நேராக பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வாங்கப் போகிறவர்கள். பிளாஸ்டர் காய்ந்து கல்லாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் அதற்குள் நீர் ஒளிந்திருக்கிறது, வெயிலில் ஒரு வாரம் வைத்தாலும் வேதியியல் ரீதியாகப் பிணைந்த நீர் போகாது, ஈயம் பட்டவுடன் குமிழ் விட்டுக் கொப்பளிக்கும். நன்றாகச் சுட்டு எடுத்தால் பயன்படுத்தலாம்தான், ஆனால் புதிதாக வருகிறவருக்கு நான் சொல்ல மாட்டேன். ஈர மணலில் பள்ளம் அமுக்கி ஊற்றுவதும் அப்படியே. கோயம்புத்தூர் வார்ப்படப் பட்டறைகளில் ஈரப்பத மணலில்தானே இரும்பே ஊற்றுகிறார்கள் என்று கேட்கலாம். அவர்கள் ஈரத்தை அளந்து கலக்கிறார்கள், ஆவி போக வழி வைக்கிறார்கள், அது தொழில்.

முதல் அச்சாக எவர்சில்வர் ஸ்பூனை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எவர்சில்வரில் ஈயம் ஒட்டாது, ஆறியதும் கவிழ்த்தால் விழுந்துவிடும், கிடைப்பது ஒருபக்கம் தட்டையான, மணலில் உருளாமல் படுத்திருக்கும் குண்டு. ஸ்பூனின் கைப்பிடியை வளைத்து, வாய் மட்டமாக நிற்கும்படி இரும்புத் தட்டில் பொருத்திக்கொள்ள வேண்டும். எவ்வளவு எடை வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள, ஸ்பூன் நிறையத் தண்ணீர் எடுத்து அந்தத் தண்ணீரின் எடையை நகைத் தராசில் பார்த்து 11.34-ஆல் பெருக்குங்கள். 5 கிராம் தண்ணீர் பிடித்தால் ஏறக்குறைய 57 கிராம் ஈயம். பார்த்து முடித்ததும் ஸ்பூனை அடுப்பில் காட்டி துளி ஈரம்கூட இல்லாமல் உலர்த்துங்கள், இந்தக் கணக்குதான் நம் வேலையில் தண்ணீர் வரும் ஒரே இடம்.

கொஞ்சம் பழகியதும் லேத் பட்டறைக்குப் போய் அலுமினியக் கட்டையில் ஒரு கூம்புத் துளை கடைந்து வாங்குங்கள். 38 மி.மீ. தடிமன் கட்டை, மேல் வாய் 20 மி.மீ., அடிவாய் 14 மி.மீ., இடையில் நேர்ச்சரிவு. இதில் ஏறக்குறைய 100 கிராம் குண்டு விழும். மேல் அகன்று கீழ் குறுகியிருப்பதால் இரண்டாகப் பிரியும் அச்சு தேவையில்லை, அடியிலிருந்து ஒரு கட்டையால் தட்டினால் மேல்வழியாக வந்துவிடும். ஒரே கட்டையில் நாலு துளை போட்டுக்கொண்டால் வேலை ஓடும். கட்டையை ஒரு தட்டையான இரும்புப் பிளேட்டின் மேல் உட்கார வைத்து, அந்தப் பிளேட்டில் ஒவ்வொரு துளையின் நடுவிலும் சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி நிற்கிற அளவுக்கு ஓட்டை போடச் சொல்லுங்கள். கம்பியை நட்டு வைத்து ஊற்றினால், பிறகு உருவியதும் நரம்பு நுழைய வழி கிடைக்கும். குண்டில் விழுந்த அந்த ஓட்டையின் விளிம்பைப் பெரிய டிரில் பிட்டால் ஒரு சுற்றுச் சுற்றி மழுக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரிய மீன் இழுக்கும்போது நரம்பை அதுவே அறுக்கும். ஓட்டைக்குப் பதில் வளையம் வேண்டுமென்றால் 1.5 மி.மீ. பித்தளைக் கம்பியை வளைத்து, வால்பகுதியை முறுக்கி, ஊற்றின கையோடு குறட்டால் பிடித்து உள்ளே இறக்கி உறையும்வரை ஆடாமல் வைத்திருக்கலாம். கம்பியும் உலர்ந்து சூடாக இருக்க வேண்டும். சாதாரணக் கட்டுக்கம்பி உப்புத் தண்ணீரில் துருப்பிடித்துப்போகும்.

வேறு வடிவம் செய்ய ஆசையிருந்தால், முதலில் மெழுகில் செய்து பாருங்கள். மெழுகின் எடையை 12.6-ஆல் பெருக்கினால் அதே அளவு ஈயத்தின் எடை கிட்டத்தட்ட வரும். 8 கிராம் மெழுகு என்றால் 100 கிராம் குண்டு. மணல் கரைக்குப் பிரமிடு நல்லது, மூலை மணலைக் கவ்வும். கல் பகுதிக்கு வழுக்கிக்கொண்டு வரும் நீள்வடிவம்.

எந்த வடிவமானாலும் 30 கிராமுக்குக் கீழே வார்க்க வேண்டாம் என்பது என் கட்சி. பிரிட்டனில் அன்னப்பறவைகள் தூண்டிலில் கட்டும் சின்ன ஈய மணிகளைக் கல் என்று நினைத்து விழுங்கிச் செத்துக்கொண்டிருந்தன, பறவையின் இரைப்பையில் அரைபட்டு ஈயம் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. அதனால் 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையுள்ள ஈயக்குண்டுகளை விற்க 1987-இல் அங்கே தடை போட்டார்கள். பழவேற்காடு, கோடியக்கரை, வேடந்தாங்கல் பக்கத்து ஏரிகள் என்று நம் ஊரிலும் நீர்ப்பறவை இறங்கும் இடங்களில்தான் தூண்டிலும் போடுகிறோம். ஏரி, குளம், கழிமுகத்துக்கு இரும்பு நட்டு போதும், பழைய ஸ்பார்க் பிளக் போதும், ஓட்டைக் கல்லும் போதும். ஈயம் அலையடிக்கும் கடலுக்கு மட்டும் இருக்கட்டும்.

உருக்கும் நாள்

மழை, தூறல், மழை வரும்போல இருக்கிறது, எதுவாக இருந்தாலும் வேலையைத் தள்ளிவையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் யோசிக்கவே வேண்டாம். முழுக்கைப் பருத்திச் சட்டை, ஜீன்ஸ், தோல் ஷூ; பேன்ட்டின் கால் ஷூவுக்கு வெளியே தொங்க வேண்டும், உள்ளே செருகினால் தெறித்த ஈயம் நேராக ஷூவுக்குள் இறங்கும். லுங்கி, செருப்பு, பாலியஸ்டர் டீ-ஷர்ட் எதுவும் ஆகாது. வெல்டிங் தோல் கையுறை, கிரைண்டிங் செய்பவர்கள் போடும் முகம் மூடும் கண்ணாடி, நெற்றியில் ஒரு துணி. நம் வெயிலுக்கு வியர்வை சொட்டும், அதற்குத்தான் துணி.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். உருகிய ஈயத்தின் மேல் விழுந்த துளி பெரும்பாலும் சுர்ரென்று உருண்டோடி ஆவியாகிவிடும், அதைப் பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்று துணிச்சல் வந்துவிடுகிறது. ஆபத்து, நீர் ஈயத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும்போது. நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும், மேலே இருக்கிற ஈயத்தை முழுதாகத் தூக்கி அடித்துவிட்டுத்தான் வெளியே வரும். கரையில் பொறுக்கிய பழைய குண்டின் ஓட்டைக்குள் இருக்கும் ஈரம், காலையில் குளிர்ந்திருந்த கரண்டியில் படிந்த பனி, ஈரக் கையுறை, இவையெல்லாம் அதற்குப் போதும்.

அதனால் விதி இதுதான்: எல்லா ஈயத்தையும் குளிர்ந்த சட்டியில் முதலிலேயே போட்டு, பிறகு அடுப்பை மூட்டுங்கள். சிறு தீயில் மெல்லச் சூடேறும்போது ஈயம் உருகுவதற்கு வெகு முன்பே ஈரம் போய்விடும். உருகிய பிறகு மேற்கொண்டு ஈயம் எதையும் சேர்க்காதீர்கள், ஒரே ஒரு சின்னத் துண்டுதானே என்றாலும். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் உருகியதை முன்கூட்டியே சூடாக்கிய பணியாரக் குழிகளில் ஊற்றி உறையவிட்டு, எல்லாவற்றையும் குளிர்ந்த சட்டியில் போட்டு, மறுபடி முதலிலிருந்து. கரண்டியும் ஜல்லிக் கரண்டியும் ஆரம்பம் முதலே சட்டியின் விளிம்பில் சாய்ந்து சூடேறிக்கொண்டிருக்க வேண்டும். வாளித் தண்ணீரை அடுப்புப் பக்கமே கொண்டுவர வேண்டாம், பக்கத்தில் உலர்ந்த மணல் ஒரு வாளி இருக்கட்டும், தீ பிடித்தால் அதுதான் அணைக்கும்.

உருகியதும் அழுக்கும், வீல் வெயிட்டின் இரும்புக் கொக்கிகளும் மேலே வந்து நிற்கும். ஈயத்தில் இரும்பு மிதக்கும், முதல்முறை பார்க்க வேடிக்கையாக இருக்கும். அள்ளிப் போடுங்கள். அப்புறம் பட்டாணி அளவு மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றைப் போட்டுக் கிளறுங்கள். புகையும், குப்பென்று பற்றும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீச வேண்டும். மெழுகு எரியும்போது ஈய ஆக்ஸைடு மறுபடி ஈயமாகும், மீதி அழுக்கு சாம்பல் நிறப் பொடியாகப் பிரியும். அந்தப் பொடியை மெதுவாக அள்ளி மூடியுள்ள டப்பாவில் கொட்டுங்கள். இந்த வேலை முழுவதிலும் மிக மோசமான சாமான் அதுதான், ஊதினால் பறக்கும், மூச்சில் போகும். துணி மாஸ்க் இதற்கு உதவாது, தூசி வடிகட்டும் தொழில்முறை மாஸ்க் வேண்டும்.

சுத்தமான பரப்பு வெள்ளி மாதிரி மின்னும். அள்ளிய சில நொடியிலேயே பொன்னிறமும் நீலமும் ஊதாவுமாக ஆடை படர்ந்தால் சூடு அதிகம், தீயைக் குறையுங்கள்.

இதற்குள் அச்சும் சூடாகியிருக்க வேண்டும். அச்சின் உள்பக்கத்தைக் கற்பூரச் சுடரில் காட்டிக் கரி பிடிக்க வையுங்கள், ஸ்போக்ஸ் கம்பிக்கும் அப்படியே, ஈயம் ஒட்டாமல் கழன்று வரும். பிறகு அடுப்பின் ஓரத்தில் வைத்துச் சூடேற்றலாம். கரண்டியை அச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒரே சீரான தாரையாக, நடுவில் நிறுத்தாமல் ஊற்ற வேண்டும், எண்ணெயை ஒழுகவிடுவதுபோல மெல்லிய தாரை வேண்டாம், ஆற்றுவதுபோல உயரத்திலிருந்தும் வேண்டாம். வாய்வரை வந்ததும் ஒரு சொட்டு கூடுதலாகக் குவிந்து நிற்கட்டும், உறையும்போது ஈயம் சுருங்கும், அந்தக் குவியல் உள்ளே இறங்கிச் சரிக்கட்டும். மினுமினுப்பு மங்கியதும் உறைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், எடுக்கலாம் என்று அர்த்தமில்லை. இன்னும் ஒரு நிமிடம் பொறுத்து, கம்பியை உருவி, குண்டை உலர்ந்த சாக்கின் மேல் தட்டி விடுங்கள். தண்ணீரில் போட்டுக் குளிர்விக்க வேண்டாம். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், தொட்டால் தோல் போய்விடும்.

முதல் மூன்று நாலு குண்டு நிச்சயம் அசிங்கமாக வரும், மேலெல்லாம் சுருக்கம் விழுந்து, பாதி நிரம்பாமல். அச்சு இன்னும் சூடேறவில்லை, அவ்வளவுதான், நிறுத்தாமல் ஊற்றிக்கொண்டே போங்கள், ஊற்றுகிற ஈயமே அச்சைச் சூடாக்கிவிடும். எதிர்மாறாகக் குண்டு பளபளப்பில்லாமல் பனி படிந்ததுபோல வெளுத்து வந்தால் சூடு அதிகம், அச்சைச் சற்று ஆறவிடுங்கள். அப்படி வெளுத்த குண்டில் குறையொன்றுமில்லை, மீனுக்கு அழகு தெரியாது. தலையில் குழி விழுந்தால் குவியல் போதவில்லை. அச்சிலேயே கவ்விக்கொண்டால் கரி போய்விட்டது, அல்லது லேத்காரர் உள்பக்கம் சொரசொரப்பாக விட்டிருக்கிறார். கெட்டுப்போன குண்டுகளை அப்படியே உருகிக்கொண்டிருக்கும் சட்டியில் போட கை பரபரக்கும், வேண்டாம், தனியே சேர்த்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் மீந்ததைச் சட்டியிலேயே உறைய விடாமல், முன்கூட்டியே சூடாக்கிய பணியாரக் குழிகளில் ஊற்றிவிடுங்கள். அப்படியே விட்டால் அடுத்த முறை அடியில் இருக்கும் ஈயம் முதலில் உருகி, மேலே இன்னும் கெட்டியாக இருக்க, இடுக்கு வழியாகப் பீய்ச்சி அடிக்கலாம்.

கையில் பட்டுவிட்டால் உடனே அடுப்பை விட்டு விலகிப்போய்க் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஒட்டிய ஈயத்தைப் பிய்க்க வேண்டாம், பற்பசை, பேனா மை, மாவு எதையும் அப்ப வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அதற்கப்புறம்

350-400 டிகிரியில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு, அது கொதிப்பதே 1,700 டிகிரிக்கு மேல். நம் உடம்புக்குள் அது போவது பெரும்பாலும் கை வழியாக வாய்க்கு. அதனால் வேலை நடக்கும்போது டீ கிடையாது, பீடி சிகரெட் கிடையாது, வெற்றிலை பாக்கு கிடையாது, செல்போனைத் தொடுவதும் கிடையாது, அந்தப் போனைத்தான் அப்புறம் குழந்தை வாங்கி வாயில் வைக்கும். முடித்ததும் சோப்புப் போட்டு நகக்கண்வரை தேய்த்துக் கழுவி, சட்டையைக் கழற்றித் தனியாகப் போட்டு, தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது, ஷூவும் ஷெட்டை விட்டு வரக்கூடாது. இடத்தை விளக்குமாற்றால் பெருக்கினால் தூசி கிளம்பும், எல்லாம் நன்றாக ஆறின பிறகு ஈரத் துணியால் துடையுங்கள். அடிக்கடி செய்கிறவர் என்றால் வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈய அளவு பார்த்துக்கொள்வது நல்லது, பெரிய லேப்களில் எடுக்கிறார்கள்.

இதே காரணத்துக்காகத்தான், நரம்பில் கவ்வவைக்கும் சின்ன ஈய மணியைப் பல்லால் கடித்து இறுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கரையில் பத்தில் எட்டுப் பேர் அதைச் செய்வதைப் பார்க்கலாம். ஒரு சின்னக் குறடு சட்டைப்பையில் இடம் அடைக்காது.

வார்த்த குண்டுகளுக்கு ஒருகை எனாமல் பெயின்ட் அடித்துவிட்டால் கையில் கருப்பு ஒட்டாது, மண்பழுப்பில் அடித்தால் மணலோடு மணலாக இருக்கும். பிசிறை அரத்தால் ராவாதீர்கள், பொடி பறக்கும், கத்தியால் சீவி எடுங்கள், சீவலை அடுத்த முறை உருக்கலாம். குண்டுகளைச் சாப்பாட்டுப் பையிலோ தண்ணீர் பாட்டில் வைக்கும் பையிலோ போடாமல் தனி டப்பாவில் வையுங்கள்.

கடைசியாக அந்தக் கசடு டப்பா. குப்பைத் தொட்டியில் போடக்கூடாது, தோட்டத்தில் புதைக்கக்கூடாது, கிணற்றுப் பக்கம் கொட்டவே கூடாது. மூடியை டேப் ஒட்டி, ஈயக் கசடு என்று எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். டப்பா நிறைந்ததும், பேட்டரி மறுசுழற்சி செய்யும் பதிவு பெற்ற இடத்துக்குச் சரக்கு அனுப்புகிற வியாபாரி யாராவது இருந்தால் அவரிடம் கேட்டுப் பாருங்கள், அதில் இன்னும் ஈயம் இருக்கிறது.